லெபனானில் அதிபர் நாற்காலி ஏன் அடிக்கடி காலியாகிறது? மதவாரிப் பங்கீடு உருவான கதை

லெபனான் அதிபர் மிஷேல் அவுனின் பதவிக்காலம் 2022 அக்டோபர் 31இல் முடிந்தது. அடுத்த அதிபர் ஜோசஃப் அவுன் தேர்வானது 2025 ஜனவரி 9இல். இருவருக்கும் உறவில்லை, பெயர் ஒற்றுமை மட்டுமே. இடைப்பட்ட 26 மாதங்களில் நாட்டின் நாணயம் சரிந்து கிடந்தது, தெற்கில் போர் நடந்தது, ஆனால் அதிபர் மாளிகை பூட்டியே இருந்தது. இது முதல் முறையும் அல்ல. 2014 மே மாதத்திலிருந்து 2016 அக்டோபர் இறுதிவரை 29 மாதங்கள் இதே நிலை நீடித்தது.

“அங்கே அதிபர் மரோனைட் கிறித்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம், அதனால் இழுபறி” என்று செய்திகள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. அந்த வரி உண்மைதான். ஆனால் யார் இப்படிப் பங்கிட்டார்கள், எந்தக் கணக்கை வைத்துப் பங்கிட்டார்கள், அதை ஏன் இன்னும் மாற்ற முடியவில்லை என்பதை அது சொல்வதில்லை. பலரும் இதை ஆயிரமாண்டு மதப்பகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இப்போதுள்ள ஏற்பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தேதி உண்டு. எல்லாமே 1840க்குப் பிறகானவை. அவற்றில் முக்கியமானவை “தற்காலிகம்” என்ற சொல்லோடு பிறந்தவை.

முதலில் சில சொற்கள்

தாயிஃபா: அரசு ஏற்றுக்கொண்ட மதப்பிரிவு. லெபனானில் இப்படி 18 பிரிவுகள் உள்ளன. கிறித்தவர், முஸ்லிம் என்ற பெரிய பிரிவுகளோடு கணக்கு நிற்பதில்லை. மரோனைட், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கிரேக்க கத்தோலிக்கர், ஆர்மீனிய ஆர்த்தடாக்ஸ், சுன்னி, ஷியா, துரூஸ், அலவி என ஒவ்வொன்றும் தனி.

மரோனைட்: ரோமின் போப்பை ஏற்றுக்கொண்ட, ஆனால் தமக்கென்று சொந்த வழிபாட்டு முறையும் ‘பேட்ரியார்க்’ என்ற தலைமைப் பேராயரும் கொண்ட கிழக்கத்தியத் திருச்சபையினர்.

துரூஸ்: 11ஆம் நூற்றாண்டில் இஸ்மாயிலி ஷியா மரபிலிருந்து கிளைத்த பிரிவு. லெபனானின் அரசியல் கணக்கில் முஸ்லிம் பக்கத்தில் சேர்க்கப்படுகிறது.

தாயிஃப்: சவுதி அரேபியாவில் உள்ள ஒரு நகரம். 1989 ஒப்பந்தம் அங்கே முடிவானதால் அந்தப் பெயர். மதப்பிரிவைக் குறிக்கும் தாயிஃபாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மலையில் தொடங்கியது

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெபனான் மலை, உதுமானியப் பேரரசுக்குள் ஓர் அமீரின் ஆட்சியில் இருந்தது. வரி வசூலிக்கும் உரிமை சில பெரிய நிலக்கிழார் குடும்பங்களிடம் இருந்தது. அவர்களில் துரூஸ்களும் உண்டு, மரோனைட்களும் உண்டு. ஒரு மரோனைட் விவசாயி துரூஸ் பிரபுவுக்கு வரி கட்டினார். ஊரில் யார் பெரியவர் என்பதைத் தீர்மானித்தது குடும்ப அந்தஸ்து. மத அடையாளம் இருந்தது, ஆனால் பதவிகளைப் பங்கிடும் அலகாக அது இருக்கவில்லை.

அதை மாற்றியவை, ஒன்றன்மேல் ஒன்றாக வந்த மூன்று நிகழ்வுகள்.

1. 1831 முதல் 1840 வரை எகிப்தியப் படை இப்பகுதியைப் பிடித்துவைத்திருந்தது. துரூஸ் கிளர்ச்சியை அடக்க அமீர் இரண்டாம் பஷீர் கிறித்தவப் படையாட்களைப் பயன்படுத்தினார்.

2. 1839இல் உதுமானிய சுல்தான் குடிமக்கள் அனைவருக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்பை அறிவித்தார். 1856இல் வந்த இரண்டாவது ஆணை எல்லா மதத்தாரும் சமம் என்று வெளிப்படையாகவே சொன்னது. சமத்துவ அறிவிப்பு நல்லதுதான். ஆனால் அது தனிமனிதரை நோக்கிப் பேசாமல் மதச் சமூகங்களை நோக்கிப் பேசியது. உரிமை கேட்க வேண்டுமானால் ஒரு சமூகத்தின் பெயரால் கேட்க வேண்டும் என்று ஆயிற்று.

3. ஐரோப்பிய அரசுகள் ஆளுக்கொரு சமூகத்துக்குக் காவலர் ஆயின. பிரான்ஸ் மரோனைட்களுக்கு, ரஷ்யா ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்கு, பிரிட்டன் துரூஸ்களுக்கு.

1843இல் மலையை இரண்டாகப் பிரித்தார்கள். பெய்ரூட்–டமாஸ்கஸ் சாலைக்கு வடக்கே கிறித்தவ ஆளுநர், தெற்கே துரூஸ் ஆளுநர். காகிதத்தில் ஒழுங்காகத் தெரிந்த இந்தப் பிரிவினை களத்தில் பொருந்தவில்லை. தெற்குப் பகுதியிலும் ஏராளமான கிறித்தவர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற கேள்விக்கு விடை இல்லை. 1858இல் வடக்கே கிஸ்ரவானில் தனியூஸ் ஷாஹீன் தலைமையில் மரோனைட் விவசாயிகள் மரோனைட் நிலக்கிழார்களையே விரட்டினார்கள். அது வர்க்கப் போராட்டம். அதே அலை, பிரபுக்கள் துரூஸ்களாகவும் விவசாயிகள் கிறித்தவர்களாகவும் இருந்த தெற்கே சென்றபோது மதப்போராக உருமாறியது. 1860இல் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பிரெஞ்சுப் படை கரையிறங்கியது.

1861 ஜூன் 9இல் உதுமானிய அரசும் ஐந்து ஐரோப்பிய வல்லரசுகளும் ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. மலைக்கு லெபனான்காரரல்லாத ஒரு கத்தோலிக்க ஆளுநர், அவருக்குத் துணையாக 12 பேர் கொண்ட நிர்வாக மன்றம். 1864இல் திருத்தியபின் அந்த மன்றம் இப்படி அமைந்தது: மரோனைட் 4, துரூஸ் 3, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் 2, கிரேக்க கத்தோலிக்கர் 1, சுன்னி 1, ஷியா 1. இன்றைய நாடாளுமன்றத்தின் விதை இந்தப் பன்னிரண்டு நாற்காலிகள்தான். சண்டையை நிறுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு, சண்டையிட்ட அடையாளங்களையே நிர்வாக அலகுகளாகப் பதிந்துவிட்டது.

1920: எல்லை விரிந்தது, விகிதம் மாறியது

முதல் உலகப்போரில் உதுமானியப் பேரரசு தோற்றது, இப்பகுதி பிரான்சின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. போர்க்காலப் பஞ்சம் மலையில் பெருந்தொகையான மக்களைக் கொன்றது. விளைநிலம் குறைந்த மலை தனி நாடாகப் பிழைக்க முடியாது என்ற வாதம் அந்தப் பஞ்சத்திலிருந்தே வலுப்பெற்றது. மரோனைட் தலைமைப் பேராயர் இலியாஸ் ஹுவையிக் 1919இல் பாரிசுக்குச் சென்று, பெக்கா சமவெளியையும் துறைமுகங்களையும் சேர்த்த லெபனானைக் கேட்டார். 1920 செப்டம்பர் 1இல் பிரெஞ்சு ஜெனரல் குரோ பெய்ரூட்டில் “பெரிய லெபனான்” அறிவிப்பை வெளியிட்டார்.

இங்கேதான் கணக்கு இடறியது. பழைய மலைப்பகுதியில் மரோனைட்கள் தெளிவான பெரும்பான்மை. புதிதாகச் சேர்த்த திரிப்போலி, சைதா, சூர், பெக்கா, ஜபல் ஆமில் பகுதிகளில் சுன்னிகளும் ஷியாக்களும் அதிகம். சோற்றுக்கு நிலம் கிடைத்தது, பெரும்பான்மை போனது. சேர்க்கப்பட்ட சுன்னிகளில் பலர் சிரியாவோடு இணைவதையே விரும்பினார்கள். தம்மைக் கேட்காமல் ஒரு நாட்டுக்குள் எழுதிவிட்டார்கள் என்ற அவர்களது வருத்தம் நியாயமானது.

1926 அரசியலமைப்பு குடிமக்கள் அனைவரையும் சமம் என்றது. கூடவே 95ஆம் பிரிவு, அரசுப் பணிகளிலும் அமைச்சரவையிலும் மதச் சமூகங்களுக்கு நியாயமான பங்கு தரப்படும் என்றது. அது “தற்காலிக” ஏற்பாடு என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருந்தது. எத்தனை ஆண்டு என்று எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிபர் மரோனைட்டாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 1926இல் முதல் அதிபரான ஷார்ல் தப்பாஸ் கிரேக்க ஆர்த்தடாக்ஸ். 1932இல் சுன்னி அறிஞர் முஹம்மது அல்ஜிஸ்ர் அதிபர் பதவிக்குப் போட்டியிட முன்வந்தார், வெற்றி வாய்ப்பும் இருந்தது. பிரெஞ்சு ஆணையர் அவ்வாண்டு மே மாதம் அரசியலமைப்பையே நிறுத்திவைத்தார். வழக்கம் எப்படி “வழக்கம்” ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1932 கணக்கெடுப்பும் 11இன் மடங்குகளும்

அதே 1932இன் தொடக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. நாட்டில் வசித்தவர்களில் மரோனைட் சுமார் 29 சதவீதம், சுன்னி 22 சதவீதம், ஷியா 20 சதவீதம். எல்லாக் கிறித்தவர்களையும் கூட்டினால் பாதியைச் சற்றே தாண்டியது. அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் குடிபெயர்ந்தவர்களையும் தனியே எண்ணினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள் என்பதால், அவர்களைச் சேர்த்தால் ஒரு விகிதம், விட்டால் வேறு விகிதம். அதன் பிறகு இன்றுவரை லெபனானில் அதிகாரபூர்வமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை.

1943 தேர்தலுக்கு முன் இந்தத் தகராறு முற்றியது. குடிபெயர்ந்தவர்களையும் எண்ணி, நாடாளுமன்றத்தில் கிறித்தவர்க்கு 32 இடங்கள், முஸ்லிம்களுக்கு 22 என்று ஓர் ஆணை வந்தது. முஸ்லிம் தலைவர்கள் எதிர்த்தார்கள். பிரிட்டிஷ் தூதர் ஸ்பியர்ஸ் இடைபுகுந்து 30க்கு 25 என்று முடித்துவைத்தார். 30:25 என்பதைச் சுருக்கினால் 6:5. அடுத்த அரை நூற்றாண்டை ஆண்ட விகிதம் இப்படி ஒரு பேரத்தில் பிறந்தது.

இந்த விகிதம் கெடாமல் இருக்க வேண்டுமானால் மொத்த இடங்கள் 11ஆல் வகுபட வேண்டும். நாடாளுமன்றத்தின் அளவு மாறியதைப் பாருங்கள்: 1943இல் 55, 1951இல் 77, 1953இல் 44, 1957இல் 66, 1960இல் 99. மக்கள்தொகை கூடியதா, தொகுதி பெரிதா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. முதல் நிபந்தனை பதினொன்று.

1943 நவம்பர் 22இல் விடுதலை வந்தது. அதிபர் பிஷாரா அல்கூரியும் பிரதமர் ரியாத் அஸ்ஸுல்ஹும் செய்துகொண்ட உடன்பாட்டைத் “தேசிய ஒப்பந்தம்” என்கிறார்கள். அது எழுதப்படாதது. கிறித்தவர்கள் பிரான்சின் பாதுகாப்பை நாட மாட்டார்கள், முஸ்லிம்கள் சிரியாவோடு இணைப்புக் கேட்க மாட்டார்கள், அதிபர் மரோனைட், பிரதமர் சுன்னி. சபாநாயகர் ஷியா என்பது 1940களின் பிற்பகுதியில்தான் உறுதிப்பட்டது. 1946இல்கூட அந்த நாற்காலியில் ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் உறுப்பினர் இருந்தார்.

தாயிஃப்: பாதிக்குப் பாதி

1975இல் வெடித்து 1990வரை நீண்ட உள்நாட்டுப் போருக்கு மதவிகிதம் மட்டும் காரணமல்ல. பாலஸ்தீனப் போராளிகளுக்குத் தெற்கே தளம் கொடுத்த 1969 கெய்ரோ உடன்பாடு, தெற்கிலும் பெக்காவிலும் ஷியா மக்களின் வறுமை, சிரியா, இஸ்ரேல் தலையீடு எல்லாம் சேர்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விகிதத்தின் பங்கு இதில் இதுதான்: மக்கள்தொகை மாறிவிட்டது, பங்கு மாறவில்லை, மாற்றக் கோரும் வழியும் இல்லை.

1989 அக்டோபர் 22இல் தாயிஃபில் உடன்பாடு முடிவானது. அதில் கலந்துகொண்டவர்கள் 1972இல் தேர்வான உறுப்பினர்கள். போரால் இடையில் தேர்தலே நடக்கவில்லை. உடன்பாடு மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தது.

1. 6:5 போய் 1:1 வந்தது. உடன்பாட்டில் 108 இடங்கள், 1992 சட்டத்தில் 128. இன்றைய பங்கீட்டில் கிறித்தவர் 64: மரோனைட் 34, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் 14, கிரேக்க கத்தோலிக்கர் 8, ஆர்மீனிய ஆர்த்தடாக்ஸ் 5, ஆர்மீனிய கத்தோலிக்கர் 1, புராட்டஸ்டன்ட் 1, பிற சிறுபான்மையர் 1. முஸ்லிம் பக்கம் 64: சுன்னி 27, ஷியா 27, துரூஸ் 8, அலவி 2.

2. அதிபரின் நிர்வாக அதிகாரம் அமைச்சரவைக்குப் போனது. போர், பட்ஜெட், குடியுரிமைச் சட்டம் போன்ற அடிப்படை விஷயங்களுக்கு அமைச்சரவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அப்படியானால் மூன்றில் ஒரு பங்கும் அதற்குமேல் ஒருவரும் கையில் இருந்தால் எதையும் தடுக்கலாம். 30 பேர் அமைச்சரவையில் அந்த எண் 11. 2008 தோஹா உடன்பாட்டில் எதிர்க்கட்சிகள் கேட்டு வாங்கியது சரியாக அந்தப் பதினொன்றைத்தான்.

3. “இணைந்து வாழும் ஒப்பந்தத்துக்கு முரணான எந்த அதிகாரமும் செல்லாது” என்ற வரி அரசியலமைப்பின் முகவுரையில் சேர்ந்தது. நல்லெண்ணத்தில் எழுதிய வரி. நடைமுறையில் அது ஒரு சமூகத்தின் அமைச்சர்கள் முழுவதும் வெளியேறினால் அரசே சட்டப்பூர்வமற்றது என்று வாதிடப் பயன்படுகிறது. 2006 நவம்பரில் ஷியா அமைச்சர்கள் அனைவரும் விலகியபோது இந்த வாதத்தால் ஆட்சி முடங்கியது.

மூன்றாவதுதான் மிகக் கூர்மையானது. ஒரு பிரிவின் இடங்கள் முழுவதையும் ஓரிரு கட்சிகள் கைப்பற்றிவிட்டால், அந்தக் கட்சிகளின் வெளிநடப்பு ஒரு சமூகத்தின் வெளிநடப்பாக ஆகிவிடும். 2022 தேர்தலில் ஷியாக்களுக்குரிய 27 இடங்களும் ஹிஸ்புல்லா–அமல் கூட்டணிக்கே போயின. அந்தச் சமூகத்துக்குள் மாற்றுக்கருத்து உள்ளவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை.

ஓட்டு எப்படி இடமாகிறது

ஒரு மரோனைட் இடத்துக்கு மரோனைட்கள் மட்டும் வாக்களிப்பதில்லை. தொகுதியில் உள்ள எல்லாரும் எல்லா இடங்களுக்கும் வாக்களிக்கிறார்கள். ஆனால் வசிக்கும் ஊரில் அல்ல, குடும்பப் பதிவு இருக்கும் பூர்வீக ஊரில். மூன்று தலைமுறையாகப் பெய்ரூட்டில் இருப்பவரும் தேர்தலன்று தாத்தாவின் கிராமத்துக்குப் போக வேண்டும்.

2017ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டப்படி நடைமுறை இது:

1. நாடு 15 பெரிய தொகுதிகள். வாக்காளர் ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒருவருக்கு விருப்ப வாக்கு போடுகிறார்.

2. தொகுதியின் மொத்த வாக்கை இடங்களால் வகுக்கிறார்கள். 80,000 வாக்கு, 8 இடம் என்றால் 10,000. அதைத் தொடாத பட்டியல்கள் வெளியே போகும். அந்த வாக்குகளைக் கழித்து மறுபடி வகுத்து, ஒவ்வொரு பட்டியலுக்கும் எத்தனை இடம் என்று கணக்கிடுகிறார்கள். மீதி இடங்கள் மிச்ச வாக்கு அதிகமுள்ள பட்டியல்களுக்கு.

3. பிறகு எல்லாப் பட்டியல் வேட்பாளர்களையும் விருப்ப வாக்குச் சதவீதப்படி ஒரே வரிசையாக அடுக்கி, மேலிருந்து இடம் தருகிறார்கள். ஒருவரின் மதப்பிரிவுக்குரிய இடம் நிரம்பியிருந்தால் அவரைத் தாண்டிப் போவார்கள். அவரது பட்டியலின் பங்கு நிரம்பியிருந்தாலும் அப்படியே.

கோளாறு மூன்றாவது படியில் வருகிறது. கடைசியில் ஒரு ஆர்மீனிய இடமும் ஒரு பட்டியலின் ஒரு பங்கும் மட்டும் மிஞ்சினால், அந்தப் பட்டியலின் ஆர்மீனிய வேட்பாளர் எத்தனை வாக்கு வாங்கியிருந்தாலும் அவர்தான் உறுப்பினர். 2018இல் ஸஹ்லே தொகுதியில் ஒருவர் 77 விருப்ப வாக்குகளோடு நாடாளுமன்றம் போனார். அதே தொகுதியில் பல ஆயிரம் வாங்கியவர்கள் தோற்றார்கள். இதில் முறைகேடு எதுவும் இல்லை. விகிதாசாரம், மதப்பங்கு என்ற இரண்டு விதிகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் வரும் விளைவு அது.

திருமணம், சொத்து, பதிவேடு

நாற்காலிகளைவிட ஆழமாக மதப்பிரிவு வேரோடியிருப்பது குடும்பச் சட்டத்தில். லெபனானில் உள்நாட்டுப் பொதுத் திருமணச் சட்டம் இல்லை. திருமணம், விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு எல்லாம் அந்தந்தப் பிரிவின் நீதிமன்றத்தில்தான். மதம் கடந்து மணக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் சைப்ரசுக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு திரும்புகிறார்கள். அந்தத் திருமணத்தை லெபனான் அரசு ஏற்கிறது. பிறகு வழக்கு வந்தால் பெய்ரூட் நீதிமன்றம் சைப்ரஸ் சட்டத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறது. வெளிநாட்டுச் சட்டத்தை ஏற்கத் தயாரான அரசு, அதே சட்டத்தைத் தன் நாட்டில் இயற்றத் தயாராக இல்லை.

சொத்திலும் பிரிவு பேசுகிறது. மகன் இல்லாத ஒரு சுன்னித் தந்தை இறந்தால், மகள்களின் பங்கு போக மீதம் தந்தைவழி ஆண் உறவினர்க்குப் போகும். ஷியாச் சட்டத்தில் மகள்களே முழுவதும் பெறுவார்கள். இதற்காகவே பதிவேட்டில் சுன்னியிலிருந்து ஷியாவுக்கு மாறிக்கொள்பவர்கள் உண்டு. பெண்பிள்ளைகளின் உரிமைக்காக ஒரு தகப்பன் மதப்பிரிவையே மாற்ற வேண்டியிருக்கிறது என்பது அந்தச் சட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

2009இல் உள்துறை அமைச்சகம், விரும்புவோர் பதிவேட்டிலிருந்து மதப்பிரிவை நீக்கிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டது. நீக்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. 128 இடங்களும் ஏதோ ஒரு பிரிவுக்குரியவை. பிரிவு இல்லாதவர் எந்த இடத்துக்குப் போட்டியிடுவார்? அவரது திருமணத்துக்கு எந்தச் சட்டம்? பிரிவில்லாதவர்கள் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று 1936ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணை சொல்கிறது. அந்தப் பொதுச் சட்டம் எழுதப்படவே இல்லை.

நாற்காலி காலியாகும் விதம்

இனி முதல் கேள்விக்கு வரலாம். அதிபரைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றம். முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 86. அடுத்த சுற்றில் 65 போதும். ஆனால் நடைமுறையில் எந்தச் சுற்றுக்கும் 86 பேர் அவையில் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஆக, 43 பேர் எழுந்து போனால் வாக்கெடுப்பு நின்றுவிடும்.

2022 செப்டம்பர் முதல் 2023 ஜூன் வரை நடந்த 12 கூட்டங்களில் இதுதான் திரும்பத் திரும்ப நடந்தது. முதல் சுற்று வாக்கெடுப்பு முடியும், யாருக்கும் 86 வராது, ஒரு தரப்பு வெளியேறும், இரண்டாம் சுற்றுக்கு ஆள் இருக்காது. அதன்பின் ஒன்றரை ஆண்டு கூட்டமே அழைக்கப்படவில்லை. அழைக்கும் அதிகாரம் சபாநாயகருக்கு. 2025 ஜனவரி 9இல் ஜோசஃப் அவுன் முதல் சுற்றில் 71 வாக்கு பெற்றார். இரண்டு மணி நேரம் பேச்சுவார்த்தை, பிறகு 99. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் தகுதி மாறிவிடவில்லை. வெளியேறக்கூடியவர்கள் உட்காரச் சம்மதித்தார்கள்.

வெளியேறும் வழி எங்கே அடைபட்டிருக்கிறது

தாயிஃப் உடன்பாடு வெளியேறும் வழியையும் எழுதிவைத்தது. அரசியலமைப்பின் 95ஆம் பிரிவு, சரிசமமாகத் தேர்வான முதல் நாடாளுமன்றம் மதவாரி முறையைப் படிப்படியாக ஒழிக்க அதிபர் தலைமையில் ஒரு தேசியக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. 22ஆம் பிரிவு, மத அடிப்படை இல்லாத நாடாளுமன்றம் வந்ததும் சமூகங்கள் அனைத்துக்கும் ஒரு மேலவை வேண்டும் என்கிறது. மேலவையில் சமூகங்களின் அச்சத்துக்கு இடம், கீழவையில் குடிமகனுக்கு இடம். வரைபடமாக இது நல்ல ஏற்பாடு என்பதே என் கணிப்பு.

வரிசைதான் பூட்டு. மேலவை வேண்டுமானால் முதலில் கீழவையில் பங்கீடு போக வேண்டும். பங்கீட்டை நீக்க வேண்டியவர்கள் பங்கீட்டால் வந்தவர்கள். மக்கள்தொகை விகிதம் பாதிக்குக் கீழே போய்விட்டது என்று அஞ்சும் கிறித்தவத் தலைவர்கள், பாதுகாப்பு கைக்கு வருமுன் பாதி இடத்தை விட மறுக்கிறார்கள். தம் எண்ணிக்கை கூடியிருப்பதாகக் கருதும் ஷியாத் தலைவர்கள், எண்ணிக்கைக்கு மதிப்பில்லாத முறையில் தடுப்பதிகாரத்தை விட மறுக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் உண்மை தெரியும். எண்ணினால் ஒப்பந்தம் உடையும் என்பதால் எண்ணுவதில்லை.

1992இல் அந்தச் சரிசமமான முதல் நாடாளுமன்றம் தேர்வானது. 95ஆம் பிரிவு சொல்லும் குழு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை.